மெட்ரோ வாசலில் ஒரு பிரதி

மொன்றியல் விமான நிலையத்தின் வெளிவாசலில் என்னை ஏற்றிப் போக வந்து நின்றது ஒரு வெள்ளை வான். அதன் பக்கக் கதவைச் சரேலென்று இழுத்துத் திறந்துகொண்டு பெரியப்பாவின் மகன் தவம் அண்ணை இறங்கினார். "ஏறு பிள்ளை, குளிருது" என்றார். என் கால்கள் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டன.

அப்போது ஊரில் சமாதானம் முறிந்து போயிருந்தது. திருகோணமலையில் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை. நான் வேலை செய்யும் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து அழும் தாய்மார் சொல்லும் கதைகளில் நேரம் மாறும், தெரு மாறும், வானின் நிறம் மட்டும் மாறாது. அந்த நிறத்தைக் கண்டால் பஸ்ஸுக்குள் இருந்தாலும் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"எடி, இது பாண் வான். பேக்கரியின்ர. மணத்தைப் பாரன்" என்று அண்ணை சிரித்தார். உள்ளே பாண் மணம் வரத்தான் செய்தது. ஆனாலும் லாசாலில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கதவுக் கைபிடியை நான் விடவில்லை.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நகரும் படிக்கட்டுக்குப் பயம், பனியில் வழுக்கிவிடும் என்று பயம். அந்த நாட்டில் குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீரென்று மின்சாரம் அடிக்கிறது, அதற்கும் பயம். அண்ணையின் மனைவி கமலா மச்சாள் யாழ்ப்பாணத்துக்காரி. எதற்கும் அஞ்சாதவர். நான் துணியால் பிடித்துக் கதவு திறப்பதைப் பார்த்துவிட்டு, "மச்சாள், இந்தப் பயத்தோட நீங்கள் எப்பிடி பிளேன் ஏறினனீங்கள்?" என்று கேட்டார்.

அண்ணையின் மகள் கலியாணத்துக்குப் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் போனது என் தம்பி நேசனைத் தேடி.

நேசன் அகதியாக அங்கே போனவன். உணவகங்களில் கோப்பை கழுவினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவோடு கதைப்பான். ஒரு நாள் அது நின்றது. விசாரித்துப் பார்த்தபோது அவன் இருந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். மூன்று வருடமாக அவன் குரல் இல்லை. "செத்தவனெண்டு நினைச்சுக் கிரியையைச் செய்து முடிப்பம். ஆத்துமா அலையக்கூடாது" என்று ஊரில் எங்கள் பெரிய அண்ணன் சொல்லத் தொடங்கியிருந்தார். ஐயரிடம் நாளும் கேட்டாயிற்று. அம்மா மட்டும் ஒப்பவில்லை. நான் திரும்பும்போது அவன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியோடு திரும்பாவிட்டால், அம்மாவை எல்லோருமாகச் சேர்ந்து சம்மதிக்க வைத்துவிடுவார்கள்.

இதற்கிடையில்தான் தவம் அண்ணை தொலைபேசியில் எனக்கு மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னார். பாண் இறக்கப் போகும் வழியில், மோன்-ருவாயல் மெட்ரோ வாசலில், தாடியோடு ஒருவன் நிற்கிறான். கழுத்தில் படம் ஒட்டிய அட்டை, கையில் உயர்த்திப் பிடித்த சஞ்சிகை. பார்த்தால் நேசன் மாதிரி இருக்கிறது.

வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அதையே திரும்பக் கேட்டேன். வீடில்லாதவர்கள் விற்கும் சஞ்சிகையாம் அது. பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு விற்பார்கள், மிச்சம் அவர்களுக்கு. எழுதுகிறவர்களிலும் சிலர் தெருவில் படுத்தவர்கள்தானாம்.

"என்னதான் சொன்னாலும் பிச்சைதான். கையில ஒரு புத்தகம் இருக்கு, அவ்வளவுதான்" என்றார் மச்சாள், என் தட்டில் இன்னொரு அகப்பை புட்டைப் போட்டபடி.

"விக்கிறவன் பிச்சைக்காரனெண்டா நானும் பிச்சைக்காரன்தான். பாண் விக்கிறன்" என்றார் அண்ணை.

"இறங்கிக் கதைக்கேல்லையோ அண்ணை?"

அவர் சொதியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "எதிர்ப்பக்கம் வானை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனான். நாலைஞ்சு தரம் போனன். இறங்க மனம் வரேல்லை பிள்ளை. இறங்கி என்னத்தைக் கேக்கிறது? ஏன்ரா இப்பிடி நிக்கிறாய் எண்டோ?"

கலியாணம் புரோசார்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியே பனி கொட்டியது. உள்ளே பட்டுச்சேலையும் வெக்கையும் பாயசமுமாக எல்லாம் ஊரைப் போலவே இருந்தன. "உங்கட தம்பியும் இங்கதானே? வரேல்லையோ?" என்று ஒரு அம்மா கேட்டா. "வேலை" என்றேன்.

அடுத்த நாள் காலை மூன்று பேருமாக வானில் போனோம். மோன்-ருவாயல் நிலையம் ஒரு சிறிய சதுக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர் மெட்ரோக் கதவுகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ரயில் ஓடும் சுரங்கத்திலிருந்து காற்று மேலே பாய்ந்து வந்து கதவை அழுத்தும். உள்ளே போகிறவர்கள் முழுப் பலத்தோடு தள்ள வேண்டும், வயதானவர்கள் திணறுவார்கள். அந்தக் கதவை ஒருவன் தோளால் முட்டுக்கொடுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தோளில் ஒரு பை, ஒரு கையில் சஞ்சிகை. போகிற வருகிற எல்லோருக்கும் ஏதோ சொன்னான், சிலர் நின்று கதைத்தார்கள்.

"அவன்தானே?" என்றார் அண்ணை.

தாடிக்குள் முகம் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். கண் மட்டும் தெரியும்படி மச்சாள் என்னைக் கம்பளியால் சுற்றி அனுப்பியிருந்தார். தெருவைக் கடக்கும்போது எனக்கு இரண்டு பயம். அவன் நேசனாக இல்லாவிட்டால் என்ன செய்வது? நேசனாக இருந்துவிட்டால் என்ன செய்வது? கதவடிக்குப் போனேன். அவன் இன்னும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "போன்ஜூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான்.

நேசனின் குரல். என் சொந்தத் தம்பி என்னை யாரோ ஒரு அம்மணி மாதிரி 'மதாம்' என்கிறான். ஊரில் ஒருவரைத் தேடும்போது பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. யார் காதில் விழுமோ, அதனால் தேடப்படுகிறவனுக்கு என்ன வருமோ. அந்தப் பழக்கத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விட்டேன். அவனைத் தாண்டி உள்ளே போய், ரிக்கற் மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு, வேறு கதவால் வெளியே வந்து வானுக்குத் திரும்பினேன்.

"அவன்தான்" என்றேன். "கூப்பிட்டா ஓடிவிடுவானோ எண்டு பயமாக் கிடக்கு."

"நல்ல அக்கா!" என்றார் மச்சாள். "கொஞ்சம் ஆறுங்கோ. பேந்து நாளைக்குக் கதைக்கலாம். ஆனா இந்தக் குளிருக்குள்ள அவனை நிக்க விட்டுட்டுப் போறதே? இருங்கோ, நான் ஒரு வேலை செய்யிறன்."

தடுப்பதற்குள் தன் கம்பளியையும் மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மச்சாள் நல்ல மனசுக்காரி. பிச்சை என்று சொன்ன வாயால் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் போய் விரலால் பையைக் காட்டி ஏதோ கேட்டார். அவன் தலையாட்டினான், பிறகு தயங்கினான், பிறகு பையைக் காலி செய்து கொடுத்தான். கை நிறையச் சஞ்சிகைகளோடு மச்சாள் சிரித்துக்கொண்டே வந்து வானில் ஏறினார்.

"முழுதையும் வாங்கியிட்டன். இனி வீட்டை போய் நல்லாப் படுப்பான்."

நான் கதவடியைப் பார்த்தேன். நேசன் இன்னும் அங்கேதான் நின்றான். எங்கள் வானைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணுக்கு, முன் கண்ணாடிக்குள் யாரென்று தெரியாத மூன்று தமிழ் முகங்கள். மறுகணம் கதவை விட்டான். அது காற்றில் அறைந்து மூடியது. அவன் உள்ளே ஓடினான். அந்த வேகத்தில் ஓடுகிறவர்களை நான் ஊரில் கண்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, வெள்ளை வான்! நாலைந்து தடவை வந்து எதிரில் நின்று, யாரும் இறங்காமல் பார்த்துவிட்டுப் போன வெள்ளை வான். விமான நிலையத்தில் என் கால்கள் எதைக் கண்டு நின்றனவோ அதே வானில் இருந்துகொண்டு, அந்த வானுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். வேறு யாராவது என்றால் இப்படி ஒரு பிழை விடுவார்களா? அண்ணை ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். மச்சாளின் மடியில் சஞ்சிகைகள் அப்படியே கிடந்தன.

அடுத்த நாள் வான் வேண்டாம் என்றேன். மச்சாளும் நானும் மெட்ரோவில் புறப்பட்டோம். நடுவழியில் ரயில் மாற வேண்டும். மச்சாள் ஏறினார். நான் ஏறலாமா வேண்டாமா என்று ஒரு காலைத் தூக்கி வைக்கக் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சாள் வாயை அசைக்கிறார், எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, மண்ணுக்கு அடியில் நான். பள்ளிக்கூடப் பை வைத்திருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். "மோன்-ருவாயல்" என்றேன், அது ஒன்றுதான் வாயில் வந்தது. அவள் என் கையைப் பிடித்து அடுத்த ரயிலில் ஏற்றி, கதவுக்கு மேலிருந்த படத்தில் இறங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மச்சாள் மேலே காத்திருந்தார். கதவடியில் ஆளில்லை.

அன்று குளிர் மிக மோசம், மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தியது. வானொலியில் வெளியே போகாதீர்கள் என்று சொன்னதாக மச்சாள் சொன்னார். இவன் இரவு எங்கே படுத்தான்? வீடில்லாதவர்கள் படுக்கும் விடுதிக்குப் போனானா, பயத்தில் அங்கேயும் போகாமல் விட்டானா? கேட்க ஆளில்லை. நாய்க்குட்டிக்குச் சட்டை போட்டுக் கூட்டிவந்த ஒரு கிழவி கதவடியில் நின்று அங்குமிங்கும் பார்த்தாள். "என்னுடைய ஆள் எங்கே? நேற்று மத்தியானமும் இல்லையே" என்று கேட்டாள் என மச்சாள் மொழிபெயர்த்தார். மச்சாளின் குரல் இறங்கியிருந்தது.

பிறகு சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த பெண் வந்தாள். அவள் கழுத்திலும் அட்டை தொங்கியது. லூசி என்று அதில் இருந்தது. அடுத்த நிலையத்தில் விற்கிறவளாம். நாங்கள் அங்கேயே சுற்றுவதைக் கண்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அரைகுறை ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். "நீ அவனுக்கு யார்?"

அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாத ஒருவர் அதட்டிக் கேட்டால் உறவைச் சொல்லாதே என்று பழக்கப்பட்ட வாய், "ஒருவரும் இல்லை" என்றது.

"ஒருவரும் இல்லை என்றால் போ. அவன் வரமாட்டான். நீங்கள் அவனைப் பயப்படுத்திவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மச்சாள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

வரும் வழியில் மச்சாள் ஒரு கடையில் எனக்குப் புட்டீன் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் குழம்பை ஊற்றி, பல்லில் கீச்சென்று சத்தமிடும் பால்கட்டிகளைப் போட்டிருந்தார்கள். பொரியலை ஏன் ஊறவைத்துக் கெடுக்கிறார்கள் என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்று இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மச்சாளும் சாப்பிடவில்லை. "நான் நல்லதுக்குத்தானே செய்தனான் மச்சாள்" என்று சொல்லி அழுதார். கடைக்காரன் எங்களைப் பார்த்துக்கொண்டே மேசை துடைத்தான்.

மூன்றாம் நாள் தனியாகப் போனேன். நம்பமாட்டீர்கள், எனக்கே நம்பிக்கையில்லை. மச்சாள் வாங்கிய சஞ்சிகைகளைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் வந்தால் அவனிடம் கொடுப்போம், வராவிட்டால் அந்த இடத்திலாவது நிற்போம் என்பதைத் தவிர ஒரு திட்டமும் இல்லை.

கதவடியில் நின்றேன். ஒரு வயதானவர் கதவைத் தள்ள முடியாமல் நின்றார், தோளைக் கொடுத்துப் பிடித்தேன். காற்று என்னையும் சேர்த்துத் தள்ளியது. ஒரு சஞ்சிகையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன், நேசன் தூரத்திலிருந்து கண்டாவது வரட்டும் என்று. ஒரு மனிதர் அதை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, காசை வைத்துவிட்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லிப் போய்விட்டார். கடவுளே, நான் விற்றுவிட்டேன்!

அடுத்ததாக வந்தது சிவப்புத் தொப்பி. லூசி தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். இது அவனுடைய இடம், ஒருவர் இடத்தில் இன்னொருவர் விற்கக்கூடாது, அட்டை இல்லாமல் யாருமே விற்கக்கூடாது, நான் கள்ளி. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் பார்த்தேன். அப்போது அவள் விரலை நீட்டிச் சொன்னாள்: "போய் அவனிடம் சொல்கிறேன் பார்!"

அவனிடம். அப்படியானால் அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று இவளுக்குத் தெரியும். அப்படியானால் நேற்றிரவுக் குளிரில் அவன் செத்துப் போகவில்லை.

"சொல்லு" என்றேன். "போய்ச் சொல்லு." தமிழில்தான் சொன்னேன். பையிலிருந்து இன்னொரு சஞ்சிகையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். என் வாழ்க்கையில் யாரோடும் நான் அப்படி மல்லுக்கு நின்றதில்லை. அவள் காலால் பனியை உதைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின் பயம் முழுதாக வந்து ஏறிக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு வெளிச்சத்திலேயே பேய். அந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ்காரர் சதுக்கத்தைக் கடந்து நேரே என்னை நோக்கி வந்தார்கள். சீருடை, துப்பாக்கி, பூட்ஸ். எங்கள் ஊர்ச் சந்தியில் சோதனைக்காக அடையாள அட்டையை எடுக்கிற மாதிரி என் கை தானாகப் பைக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டேன், தோள் மட்டும் கதவை விடவில்லை. "போன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டு நான் பிடித்திருந்த கதவால் அவர்கள் உள்ளே போனார்கள்.

இன்னும் சிலர் வாங்கினார்கள். நாய்க்குட்டிக் கிழவி ஒன்றை வாங்கி, என்னை மேலும் கீழும் பார்த்து, என் கழுத்துக் கம்பளியை இழுத்து இறுக்கிவிட்டுப் போனாள். கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை.

"மதாம்!" என்று பின்னாலிருந்து ஒரு கோபக் குரல். தொடர்ந்து பிரெஞ்சில் படபடவென்று பொரிந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை, குரல் விளங்கியது. திரும்பினேன். முகத்திலிருந்த கம்பளியைக் கீழே இழுத்தேன்.

நேசனின் வாய் திறந்தபடி நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் தெருவைப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"வான் எங்க?" என்றான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் கேட்ட முதற் கேள்வி.

"வான் வரேல்லையடா. அது தவம் அண்ணையின்ர பாண் வான். நான் மெட்ரோவில வந்தனான்."

"நீயோ? மெட்ரோவிலயோ? தனியவோ?" அவன் முகம் கோணிக்கொண்டு போய்ச் சிரிப்பில் முடிந்தது. பின்னால் நின்ற லூசிக்குப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, நீ கிணத்தடிக்கே தனியப் போகமாட்டாய்." சிரித்தபடியே அழுதான். நான் அவனைக் கட்டிப் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் அப்படி வழக்கமில்லை. அவனில் ஈரக் கம்பளியின் வாசம் அடித்தது.

கதவுக்கு உட்புறம் நின்று கதைத்தோம். உணவகத்தில் கொதிநீர் பட்டு வலது கை நாட்கணக்காக மடங்கவில்லையாம், வேலை போனது, அறையும் போனது. "ரெலிபோன் எடுத்தா என்ன வேலை எண்டு அம்மா கேப்பா. நாளைக்கு எடுப்பம், நாளைக்கு எடுப்பம் எண்டு விட்டன். பிறகு எடுக்கவே பயமாப் போச்சு." தமிழர் வராத இடமாகப் பார்த்துத்தான் இந்த வாசலைக் கேட்டு வாங்கியிருக்கிறான். கொஞ்ச நாளாக ஒரு வெள்ளை வான் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. "கனடாவில வரமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும். என்ர காலுக்குத் தெரியாதே. பேந்து ஒரு ஆள் வந்து முழுதையும் வாங்கிக்கொண்டு அதே வானுக்குள்ள ஏறினா. முழுதையும் ஆர் வாங்குவினம் அக்கா? கையில புத்தகம் இருந்தா நான் விக்கிறவன். இல்லாட்டி நான் அந்த வாசலில ஆர்?"

"மச்சாள் நல்லதுக்குத்தான்..."

"தெரியுது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நீ என்ர இடத்தில விக்கக்கூடாது. அதோட புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய்."

நிலையத்துக்குள் இருந்த பொதுத் தொலைபேசியில் மச்சாள் தந்த அட்டையைப் போட்டு எண்களை நானே அழுத்தினேன். அங்கே முன்னிரவு. "ஆர்?" என்றா அம்மா. "நான்தான் அம்மா" என்றான். "சாப்பிட்டியோ?" என்று அம்மா கேட்பது எனக்கும் கேட்டது. அவன் பயந்த கேள்வியும் வந்தது. "சஞ்சிகை விக்கிறன் அம்மா" என்றான். "கடை வைச்சிருக்கிறியோ?" "கடையில்லை அம்மா. வாசலில நிண்டு விக்கிறன்." "வாசலெண்டா காத்தடிக்கும். காதை மூடிக்கொண்டு நில்லு" என்றா அம்மா. கிரியைக்குக் குறித்த நாள் இனி வேண்டாமென்று அடுத்த நாள் காலையே பெரிய அண்ணன் ஐயரிடம் போய்ச் சொன்னாராம்.

லாசாலுக்கு வா என்று கூப்பிட்டதற்கு "பேந்து பாப்பம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்தான், மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்துத் தானாகவே வந்தான். அண்ணை வானை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டிருந்தார். மச்சாள் அவன் தட்டில் புட்டைக் குவித்தார். இரவு தங்கச் சொன்னோம், தங்கவில்லை. விடுதியில் படுக்கை பறிபோய்விடும் என்றான். எனக்கு அந்த விடுதியை நினைத்துப் பயம்தான். இன்றும் பயம்தான்.

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் மீண்டும் மோன்-ருவாயல் போனேன். பனி பக்கவாட்டில் அடித்தது. நேசன் தோளால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், காதை மூடியிருந்தான்.

"போன்ஜூர், மதாம்" என்றான், கண்ணைச் சிமிட்டி.

"ஒண்டு தா" என்றேன். காசை வாங்கிக்கொண்டு கொடுத்தான். அவன் பையில் இன்னும் நிறைய இருந்தன. மூக்கு நுனி சிவந்து போயிருந்தது. முழுவதையும் வாங்கிவிட்டு அவனை உள்ளே போகச் சொல்ல என் கை துடித்தது. மச்சாள் செய்ததை யார்தான் செய்யமாட்டார்கள்?

நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் திறந்து பிடித்த கதவால் உள்ளே போனேன். பையில் மிச்சம் இருந்தால்தான் அவன் அங்கே நிற்பான்.